பச்சைக்கல்

திருவலத்துக்கு வடக்கே, பொன்னையாற்று மேட்டில்
மூன்றாம் குழி. ஒன்றரை மீட்டர்.
மண்ணுக்குள் மண்ணைத் தேடுகிறேன்.

காய்ந்தால் எல்லாம் ஒரே பழுப்பு.
தண்ணீர் தெளித்தால்
ஒரு மூச்சு நேரம் கட்டங்கள் தெரியும்.
அதற்குள் ஆணிமுனையால் கீறிவிட வேண்டும்,
வெயில் அழித்துவிடும்.

பதினோரு கல். ஒரே வரிசை.
வரைதாளில் எழுதினேன்: சுவர், வடக்கு தெற்காக.
நேற்று முழுக்க அந்தச் சுவருக்கு
வாசல் தேடினேன்.

கூடை தூக்க வந்த தேசம்மாள்
எட்டிப் பார்த்தாள். "செவுரா? எவன் சொன்னான்?"
வருசத்தில் ஆறு மாசம் சூளையில் கல் அறுப்பவள்.

"சாந்து எங்க சார்?
கல்லுக்குக் கல்லு ரெண்டு விரல் சந்து.
ஒருக்களிச்சு வெச்சிருக்கு, காத்தாட.
மேல்மூலையெல்லாம் கரைஞ்சிருக்குது பாரு.
இது கட்டுனதில்ல, காயப்போட்டது.
மழை புடிச்சிக்கிச்சி."

கூடையைத் தலைக்கு ஏற்றியபடி,
"அறுத்த கூலியாவது குடுத்தானோ என்னமோ."

சந்துகளில் படிந்த வண்டல்
விரலில் மாவாய் ஒட்டியது.
'சுவர்' என்பதை அடித்தேன்.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி,
அதற்குமேல் பென்சில் ஓடவில்லை.

மூன்று மணிக்கு
வள்ளிமலைப் பக்கம் கறுத்தது.
பேச்சே இல்லாமல்
ஆளுக்கொரு முனையாய்த் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு
ஓடினோம்.