எழுபத்திரண்டரை

ஜூரோங் ஈஸ்ட் ஜிம்மில்
நான்காவது முறை உட்கார்ந்தவள் எழவில்லை.
எண்பது கிலோ கம்பி
தாங்கியில் விழுந்த சத்தத்துக்கு
டிரெட்மில்லில் நடந்த சீனத் தாத்தா
காதுக்கருவியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

திங்கள் மூன்று. புதன் நான்கு.
இன்று மறுபடி மூன்று.
முதல் நாள் தூக்கத்தைக் குறை சொன்னேன்,
அடுத்து காலணியை.
இன்றைக்குச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

சீனப் புத்தாண்டு முடிந்து
வெறும் கம்பியோடு தொடங்கினேன்.
ஒவ்வொரு தடவையும் இரண்டரை கிலோ,
பக்கத்துக்கு ஒன்றேகால்,
பிஸ்கட் போல ஒரு தட்டு.
இப்படியே ஏறிக்கொண்டே போகலாம் என்றிருந்தேன்.

பாசிர் பாஞ்சாங்கில் நான் ஓட்டும் கிரேன்
அளவு மீறினால் சிவப்பு விளக்கெரிந்து நின்றுவிடும்.
பெட்டியை இறக்கி வைப்பேன்.
கீழே நிற்கும் ஃபைசால்
இன்னும் கொஞ்சம் முக்கு என்று
ஒருநாளும் கத்தியதில்லை.
அதற்கு ரோஷம் வைக்க மறந்துவிட்டார்கள்,
நல்லவேளை.

பத்தைக் கழற்றுகிறேன்.
ஐந்தையும் ஒன்றேகாலையும் மாட்டுகிறேன்.
மொட்டைத் தலையோடு காத்திருக்கும் என்.எஸ். பையன்
"முடிஞ்சுதா ஆன்டி?"
ஆன்டியாம்.
"இல்ல தம்பி, இறங்குறேன்."

எழுபத்திரண்டரை.
இரண்டு வாரத்துக்கு முன்
இதே எடையில் பல்லைக் கடித்துக்கொண்டு
எண்ணிக்கையை மட்டும் பார்த்தேன்.
இன்று முழங்கால் தெரிகிறது.
இடது முழங்கால்
ஒவ்வொரு முறையும் உள்ளே சாய்கிறது.
எத்தனை நாளாகவோ.

நோட்டில் எழுதுகிறேன்:
ஐந்து. ஐந்து.
ஐந்து, இடது கொஞ்சம் கோணல்.