காலை எட்டு மணி

தண்டையார்பேட்டை நர்சிங் ஹோமில்
லிஃப்டுக்கும் கழிவறைக்கும் நடுவே என் மேசை.
தலைக்குமேல் ஃப்ளெக்ஸ்:
காப்பீட்டு அட்டை இங்கே ஏற்கப்படும்.
அதில் சிரிக்கிற குடும்பத்தில்
யாருக்கும் ஒரு தலைவலிகூட வந்த மாதிரி தெரியவில்லை.

ஒன்பது வருஷமாக மனுஷரை எண்ணாக மாற்றுகிறேன்.
பித்தப்பைக்கு ஓர் எண், கர்ப்பப்பைக்கு ஓர் எண்.
எண் சரியாக விழுந்தால் அரசாங்கம் துட்டு கொடுக்கும்,
பெரிய டாக்டர் சாயந்திரம் எனக்கும் பாதாம்பால் சொல்வார்.

டெல்லிபாபு வந்தது ஆடி மாசம்.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர்.
இடது பெருவிரலுக்குக் கீழே
ஐம்பது பைசா அகலத்தில் புண்.
கம்பூட்ஸுக்குள் மூன்று வாரம் உப்புத்தண்ணியில் ஊறி
ஓரமெல்லாம் வெளுத்திருந்தது.
"வலியே இல்லமே" என்றார், பெருமையாக.
சர்க்கரைக்காரர்கள் வலி இல்லை என்றால்
எனக்கு அடிவயிறு சில்லிடும்.

பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன்.
விரலை எடுக்க எண் உண்டு.
பாதத்தை எடுக்க எண் உண்டு.
முழங்காலுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே,
இரண்டுக்கும் தனித்தனியாக, தொகையோடு.
தினம் கழுவிக் கட்டுப்போட எண் இல்லை.
காலை வெட்டினால் பணம் வரும்.
காலைக் காப்பாற்றினால்
பஞ்சுக்காசுகூடத் தேறாது.

அன்று ராத்திரி வீட்டில் சண்டை.
லோகு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், யூனியன்காரர்.
"உங்க ஆஸ்பத்திரிக்கு அழுவுற துட்டுல நாலு ஆஸ்பத்திரி கட்டலாம்.
கவர்மென்ட் வைத்தியம் பாக்கணும்,
வைத்தியத்துக்கு பில்லு கட்டக்கூடாது."
கொழுந்தன் மோகனரங்கம் தட்டிலிருந்து நிமிர்ந்தார்.
"கட்டி? எக்ஸ்ரே மெஷின் ரிப்பேர்னு எழுதி ஒட்றதுக்கா?
எனக்குக் கல்லு வந்தப்ப அட்டைதானே காப்பாத்துச்சு?"
அதுவும் நிஜம். அந்த பில்லைப் போட்டதே நான்.
இரண்டு பேருக்கும் சங்கரா வைத்தேன்.
அரசாங்கம் என்று சொல்லும்போதெல்லாம்
இரண்டு பேருமே ஜன்னலைப் பார்த்தார்கள்,
அது ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட
குடியிருக்கிற மாதிரி.
நான் வாய் திறக்கவில்லை.
அந்த வெள்ளை ஓரம் கண்ணிலேயே நின்றது.

மறுநாள் டாக்டர் சொன்னார்:
"விரல்ல ஆரம்பிப்போம். அப்ரூவல் போடு."
திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது.
சர்வர் படுத்துக்கொண்டது.
எந்தச் சாமியையும் நான் அப்படிக் கும்பிட்டதில்லை.
அட்டையை டெல்லிபாபு கையில் திணித்து
காதோடு சொன்னேன்:
"மார்க்கெட்டுக்குப் பின்னாடி கார்ப்பரேஷன் சுகாதார நிலையம்.
காலை எட்டு மணி. எஸ்தர் சிஸ்டர்னு கேளுங்க."
இதைச் சொல்ல எனக்குச் சம்பளம் இல்லை.
சொன்னது தெரிந்தால் சம்பளமே இல்லை.

பிறகு காதில் விழுந்தது:
புதன்கிழமை தடுப்பூசி, கட்டுப்போட ஆள் கிடையாது.
ஒரு வாரம் பஞ்சு தீர்ந்து
வெளியே வாங்கி வரச் சொன்னார்களாம்.
சிஸ்டர் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாராம்:
"பூட்ஸக் கழட்டுறியா, காலக் கழட்டட்டுமா?"
ஐம்பத்தொரு நாள்.
இலவசம் என்று எப்படிச் சொல்வது?
ஐம்பத்தொரு அரைநாள் கூலி
அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து கரைந்தது.

மாசக் கடைசியில் கணக்குப் பார்த்த டாக்டர்
"கால் கேஸ் கம்மியா கீதே" என்று
என் பேச்சைப்போலவே பேசிக் காட்டிச் சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
பாதாம்பால் வரவில்லை.

லோகுவும் மோகனரங்கமும் இன்னும் முடிக்கவில்லை.
நடுவில் ஒருநாள் விடியற்காலை மீன் வாங்கப் போனேன்.
ஏலச்சத்தத்துக்கு அப்பால், ஐஸ்மேட்டின்மேல்
கட்டையை ஓங்கி நிற்கிறார் டெல்லிபாபு.
இரண்டு கால்.
பழக்கதோஷம், எண்ணிப் பார்த்தேன்.
இடது பூட்ஸின் வாயில்
பிளாஸ்டிக் கவர் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது,
ரப்பர் பேண்டு போட்டு.
அன்றைக்குப் புதன்கிழமை.