திருத்தம் ஏழு

ஒக்கலிபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய
மாநகராட்சிப் பள்ளியின் நான்காம் வகுப்பறை.
பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு
நடுவில் மாதிரியை இறக்கி வைத்தோம்:
தெர்மாகோல் வீடுகள்,
பச்சை மையில் தோய்த்த ஸ்பாஞ்சு மரங்கள்,
கால்வாய்க்கு நீல ஜிகினாத்தாள்.
நீலம் என் யோசனை.
மூன்று வருடமாக அளந்துகொண்டிருக்கிறேன்,
அந்தக் கால்வாய் ஒருநாளும்
அந்த நிறத்தில் ஓடியதில்லை.

ஹாலேஷ் சார் கன்னடத்தில் சொல்லச் சொல்ல
நான் தமிழாக்கினேன்.
‘நீடித்த’ என்றேன்.
‘புத்துயிரூட்டல்’ என்றேன்.
பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:
யாருக்குங்க உடம்பு சரியில்ல?

சிரிப்பு அடங்க நேரமாயிற்று.
பிறகு அந்தச் சொல்லைக் கைவிட்டு
பொருள்பொருளாகச் சொன்னேன்.
கூரைத் தண்ணீர் தொட்டிக்குப் போகும்.
தெருவிளக்கு பகலில் வெயில் குடித்து
ராத்திரி எரியும்.
நடைபாதைக் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே
மண் விடுவோம், மழை அதன் வழியே இறங்கும்.

இறங்காது, என்றாள் ஜெயசீலி.
துப்புரவு வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள்,
கையுறை இடுப்பில் செருகியிருந்தது.
எங்க தெருவுல மழ இறங்காது. ஏறும்.
மேல இருந்து வர்றதுக்கு முன்னாடி
கக்கூஸ் வழியா வந்துடும்.

ஜிகினாத்தாளின் மேல் விரலை வைத்து
பாலம் வரைக்கும் இழுத்தாள்.
இங்க ரெண்டடிக் குழாய் ஒண்ணு இருக்கு.
மேல எட்டடி கால்வாய், கீழ ரெண்டடி வாய்.
ஏன் காட்டல?

தெரியும் எனக்கு.
அந்த அடுக்கை அணைத்து வைத்தவளே நான்தான்.
ரயில்வே நிலம், எல்லைக்கு வெளியே.
வெளியே இருப்பதை வரைந்தால்
பில்லில் சேராது.

அப்புறம் அந்த மூலை மனை.
பதினாலுக்கு ஒன்பது மீட்டர்,
சாய்கோடு போட்டு ‘காலி’ என்று எழுதியிருந்தேன்.
சிறுவர் பூங்கா, இரண்டு ஊஞ்சல்.
காலியா? என்று நஸ்ரீன் எழுந்து வந்து
தண்ணி லாரி நிற்குமிடத்தில்
ஒரு சோடா மூடியை வைத்தாள்.
இஸ்திரி வண்டிக்குத் தீப்பெட்டி.
மத்தியானம் அவள் பிளாஸ்டிக் பிரிக்குமிடத்துக்குத்
தன் தலையிலிருந்தே ஒரு ஹேர்பின்.
பதினோரு ஆட்டோ ராத்திரி சார்ஜ் ஏறும் வரிசைக்கு
யார் யார் பையிலிருந்தோ சில்லறை.
ஊஞ்சலைக் காணோம்.
ஒரு பையன் மட்டும் அதைத் தேடியெடுத்து
பள்ளிக்கூட மொட்டைமாடியில் வைத்துவிட்டு
என் முகத்தைப் பார்த்தான்.
சரியான இடம்தான்.

கிளம்பும் நேரத்தில் எபனேசர் கேட்டான்
(பத்துக்குப் பத்து அறை, ஏழாயிரம், மூன்று பேர்):
இதெல்லாம் வந்தப்புறம்
வாடகை எவ்ளோ?

இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.
ஹாலேஷ் சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
எங்கள் தாளில் அதற்குக் குறியீடு இல்லை.

அலுவலகம் திரும்பி, ஆறாம் திருத்தத்தைத் திறந்து
ஏழு என்று சேமித்தேன்.
அணைத்த அடுக்கை எரியவிட்டேன்,
குழாய் வந்தது, கறுப்பாக, அறுநூறு மில்லிமீட்டர்.
‘காலி’யை அழித்தேன்.
அதற்குப் பதில் என்ன எழுதுவது என்று
நேரம் வாரியாக ஐந்து வரி எழுதிப் பார்த்தேன்,
அச்சில் படிக்க முடியாத அளவுக்குச் சிறிசாகிவிட்டது.
குறியீட்டுப் பட்டியலின் கடைசியில்
பெயரில்லாமல் ஒரு கட்டம் விட்டேன், வாடகைக்கு.
காலையில் கேட்பார்கள்.
கேட்கட்டும்.

ஒன்று பத்துக்கு மழை பிடித்தது.
ஒன்றரைக்குப் போன்.
மறுமுனையில் வாளி உருளும் சத்தம்,
யாரோ குழந்தையைக் கட்டில்மேல் ஏற்றுகிறார்கள்,
நடுவில் ஜெயசீலி, அவசரமே இல்லாமல்:

ஏறிட்டு இருக்கு.
டேப் எடுத்துட்டு வா.