மூன்றா, எட்டா

ஆரியங்காவிலிருந்து காலை வண்டியில் வந்திறங்கினார் ஓமனக்குட்டன்.
வேட்டி மடிப்பில் ஒரு பித்தளைக் குழல்.
"சேச்சி, ஆயிரத்தெண்ணூற்று அறுபது. உறப்பாணு."
எஸ்டேட் பங்களாவை இடிக்கையில் கிடைத்ததாம்.
பங்களா வாசலில் அந்த வருஷம்தான் இருந்ததாம்.

வாசலைப் பார்த்து வயது சொல்லலாமென்றால்
எங்கள் செங்கோட்டை வளைவில் இன்னும் சங்கு இருக்கிறது.
அதை நம்பி மணியார்டர் எழுதினால்
திருவனந்தபுரம் போய்த் திரும்பி வரும்.

மைதீன் பாத்து ஆப்டிகல்ஸ், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம்.
காலையில் வெள்ளெழுத்துக்காரர்கள்.
மதியத்துக்கு மேல்
இப்படி யாராவது
துரைமார் விட்டுப்போன கண்ணைக் கொண்டுவந்து
பிறந்த தேதி கேட்பார்கள்.

குழலின் முதுகில் ஒரு கீற்று.
துளையிட்ட தகட்டை அதில் செருகித்தான்
வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தார்கள்.
பழசுதான், சந்தேகமில்லை.
ஆனால் தகட்டில் 1, 2, 4, 8, 16.
இந்தக் கணக்கு எண்பத்தொன்றில்தான் வந்தது.
"தகடு பின்னால் வாங்கியதாய் இருந்துகூடே?"
இருக்கலாம்.
ஓமனக்குட்டன் லேசுப்பட்டவர் இல்லை.

கம்பெனி பெயரை இங்கே சொல்ல மாட்டேன்,
கேட்டால் விலை ஏறும்.
லண்டன் என்று சாய்வெழுத்து,
பக்கத்தில் 'அண்ட் கோ'.
'லிமிடெட்' ஆன பிறகு செய்ததில்லை, அது ஓர் எல்லை.
மிச்சத்தை எண் சொல்ல வேண்டும்.

நான்கு, பிறகு ஒரு தேய்வு, பிறகு 316.

வருஷா வருஷம் எவரோ புளி போட்டுத் தேய்த்த பித்தளை.
இரண்டாம் இலக்கம் வழுவழுவென்று
வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது.
மூன்றா, எட்டா?

கம்பெனியின் பேரேடு இல்லை.
அக்கம்பக்கத்தில்தான் விசாரிக்க வேண்டும்.
நாற்பத்து மூவாயிரத்தில் ஒன்று
ஒரு பாதிரியாருக்குப் பரிசாய்ப் போனது,
பொறித்தே இருக்கிறது, எண்பத்தாறு என்று.
நாற்பத்தெட்டாயிரத்தில் ஒன்றுக்கு ரசீது கிடைத்திருக்கிறது,
தொண்ணூற்றிரண்டு.
ஆறு வருஷம்
ஓர் இலக்கத்தின் இடது பக்கத்தில் நிற்கிறது.

ஷட்டரைப் பாதி இறக்கினேன்.
சாய்ந்து வருகிற வெயிலில்தான் தேய்ந்த எழுத்து எழும்.
பூதக்கண்ணாடியில் முதலில் ஒன்றுமில்லை.
பிறகு, வளைவின் அடியில்
மயிரிழைக்குச் சிவப்பு.

பித்தளை களிம்பேறினால் பச்சை.
இது குங்குமம்.

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை
இந்த எண்ணின் மேலேயே ஒருவர் பொட்டு வைத்திருக்கிறார்.
புளி எட்டாத பள்ளத்தில் அது போய் உட்கார்ந்திருக்கிறது,
மேல் வளைவு, கீழ் வளைவு,
இடது பக்கமும் மூடி.

எட்டு.

"துரை பொட்டு வைப்பாரா?" என்றேன்.
ஓமனக்குட்டன் தாடையைச் சொறிந்தார்.

பின்பக்க வளையத்தைக் கழற்றினேன்.
மூன்று சுற்று விட்டது, நாலாவதில் முரண்டு,
ஒரு சொட்டு மண்ணெண்ணெய்.
உள்ளே ஆணியால் கீறியிருந்தது: ௲௮௰௪.
அவருக்குப் படம் மாதிரித் தெரிந்தது.
எனக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.
ஆயிரத்து எண்பத்து நான்கு.
கொல்லம் கணக்கு. பில் புத்தகத்தின் முதுகில்
எண்ணூற்றிருபத்தைந்தைக் கூட்டினேன்.
தொள்ளாயிரத்து ஒன்பது.
ஆவணியில் கீறியிருந்தால் எட்டு.
மறுபடியும் எட்டு!

லண்டனை விட்டுப் பதினாறு பதினேழு வருஷம் கழித்து
இந்தக் கைக்கு வந்திருக்கிறது.
பங்களாவுக்கு எப்போது, எப்படிப் போனது
என்று குழல் சொல்லவில்லை.

"பெங்களூர்ப் பார்ட்டிக்குக் கீறல் பிடிக்காது.
அது உரசிக் களயாமோ, சேச்சி?"

மெருகுச் சக்கரத்தின் பெல்ட் அறுந்துவிட்டது என்றேன்.
பின்னறையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.
அவருக்கும் கேட்டது.

சீட்டு எழுதினேன்:
எண் 48316. வருஷம் 1892,
கூடினால் ஒன்று, குறைந்தால் ஒன்று.
கூலியில் பாதி வைத்துவிட்டு
என் பேனாவையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

வெயிலில் நின்று வெகுநேரம் சீட்டைப் பார்த்தார்.
மூன்றை எட்டாக்க ஒரு நொடி போதும்.
எட்டை மூன்றாக்க
பேனாவால் ஆகாது.

திரும்பி வந்து
பேனாவை மேஜையில் வைத்தார்.
"ரப்பர் உண்டோ?"