புள்ளி எட்டு

நிஸ்வா சனாயா. மாசி மாதம். பகல் பதினொன்று.
முட்டை ஓட்டு நிறத்தில் ஒரு காரவானைச்
சங்கிலி போட்டு இழுத்துவந்து
ஷெட் வாசலில் விட்டுப்போனது தண்ணீர் லாரி.
பின்னாலேயே ஒரு வோல்வோ,
முதுகு வீட்டைத் தவறவிட்ட நத்தை மாதிரி
வெட்கப்பட்டுக்கொண்டு.

ஸ்பீடு பிரேக்கரில் கொக்கிக் குண்டு விரிசல் விட்டதாம்.
சொன்னவர் யோப். எழுபத்தோரு வயது, அரைக்கால் சட்டை.
அந்த அம்மா பெயர் மரைக்கே.
அதிராம்பட்டினத்தில் எந்த மரைக்காயர் வீடு என்று
கேட்கத்தான் வாய் வந்தது.
ஹாலந்தாம்.

கடையில் இருந்த குண்டை மாட்டிப் பார்த்தேன்.
ஏறவில்லை.
இங்கே கிடைப்பது அமெரிக்கக் கணக்கு, இரண்டு இன்ச்:
ஐம்பது புள்ளி எட்டு மில்லிமீட்டர்.
அவர்களுடையது மொட்டை ஐம்பது.
பத்து முடியைச் சேர்த்துப் பிடித்தால் வருகிற கனம்
குறுக்கே நின்றது.

ராவிவிடலாமே என்றார் ஃபோர்மேன்.
ராவிய குண்டோடு ரோட்டில் ஏறினால்
என் மனைவியே போலீசைக் கூப்பிடுவாள் என்றார் யோப்.
அவள் ஆமாம் என்றாள்.
பக்கத்து ஷெட் குல்சமான்
பழைய ஆக்சில் துண்டில் ஐம்பது கடைந்து தருகிறேன் என்றான்.
நாலு மணி நேரம்.

அந்த நாலு மணி நேரமும் யோப் பேசினார்.
இங்கிலீஷ்காரன் ஏழு மீட்டரும் நாலு சக்கரமும் இல்லாமல்
வீட்டை விட்டு இறங்க மாட்டானாம்,
இரண்டு பக்கமும் யானைக்காது மாதிரிக் கண்ணாடி.
ஜெர்மன்காரன் ஒவ்வொரு திருகையும்
இரண்டு தடவை முடுக்குவானாம்.
நாங்கள், என்றார்,
உருளைக்கிழங்கைக்கூட ஊரிலிருந்தே ஏற்றி வருவோம்.
சொல்லிவிட்டு வெட்கமில்லாமல் ஒன்றைக் காட்டினார்.

பிறகு, மூக்குக்கு எடை போட வேண்டும் என்றார்.
குண்டின் மேல் உட்காரும் முனைக்கு அதுதான் பெயராம்.
ரூமுக்கு ஓடி, கட்டிலடித் தராசைக் கொண்டுவந்தேன்.
ஊருக்குப் போகிறவன் எவனும்
அதில் அட்டைப்பெட்டியை வைத்து,
இறக்கி, பிரித்து, ஒரு டாங் டப்பாவை எடுத்து,
மறுபடி கட்டி, மறுபடி வைத்து
முப்பதுக்கு அடக்குகிற தராசு.

நூற்றுப் பதினெட்டு.
தாங்குவது எழுபத்தைந்து.

யோப் மனைவியைப் பார்த்தார்.
மரைக்கே மலையைப் பார்த்தாள்.
முன்பெட்டியைத் திறந்தால் கல்.
வாதிக்கு ஒன்றாகப் பொறுக்கி,
செய்தித்தாளில் சுற்றி, மேலே தேதி எழுதி.
சண்டை டச்சில் நடந்தது.
ஏர்போர்ட் தரையில் உட்கார்ந்து பெட்டி பிரித்தவனுக்கு
அது என்ன புரியாத பாஷையா.

கல் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோய்
அச்சுக்கு நேர் மேலே, கட்டிலுக்குக் கீழே அடுக்கினேன்.
போன கையோடு டேப்பும் பிடித்தேன்.
நாலரை நீளம், இரண்டேகால் அகலம்.
எங்கள் ரூமும் அதே அளவு, ஒரு சாண் முன்னே பின்னே.

நீ எங்கே தங்குகிறாய், என்றார் யோப்.
கேம்ப்பில், என்றேன்.
முகம் மலர்ந்துவிட்டது மனுசனுக்கு.
எத்தனை நாளாக?
பதினோரு வருஷம்.
அடுத்த கேள்விக்குத் திறந்த வாயை
உருளைக்கிழங்குப் பை பக்கம் திருப்பிக்கொண்டார்.

அஸருக்குப் பிறகு குண்டு வந்தது, இன்னும் சூடாக.
மரைக்கே பின்னால் நின்று இரண்டு கையாலும் சைகை காட்ட
வோல்வோ அங்குலம் அங்குலமாக வந்தது.
டக்.
மூக்கு எழுபத்து நாலு.
எண்பதைத் தாண்டாமல் போனார்கள்;
பின்னால் வந்த லாரி அவ்வளவும் ஹாரன் அடித்தது.

ராத்திரி எசக்கிமுத்து தராசைக் கேட்டான்.
நாளை மறுநாள் அவனுக்கு ஃப்ளைட்.
தட்டில் ஒட்டிய வாதி மண்ணைத் துடைத்துப் பெட்டியை வைத்தான்.
முப்பத்தொன்றரை.
கனமானதை நடுவில் வை, என்றேன் பழக்கத்தில்.
நிமிர்ந்து பார்த்தான்.
நடுவுல வச்சா கொறையுமாண்ணே?