மரத்துக்குள் இருந்த பாகம்

தொண்டி பஸ்ஸிலிருந்து இறங்கி
ஒரு அரிசிச் சாக்கைப் பட்டறை வாசலில் கொட்டினார் இதாயத்துல்லா.
நாலு தகடு, பதினாறு போல்ட்,
சுக்கான் கீல் ஒன்று.
"பாய்மரம் சாஞ்சிருச்சு" என்றார்,
பால் பொங்கிருச்சு என்பதுபோல.
யாருக்கும் ஒன்றுமில்லை.
மச்சினன் மகனுக்கு மட்டும் ரெண்டு விரலில் மாவுக்கட்டு.

தேவகோட்டையில் கடல் இல்லை.
என்னிடம் வருவது கல்யாண அண்டா,
கைப்பிடி கழன்ற தூக்குவாளி,
பெரிய வீட்டு ஜன்னல் கிராதி,
சீர்ச் சாமானில் பெண்ணின் இனிஷியலைப்
புள்ளிபுள்ளியாய் வெட்டும் வேலை.
எவர்சில்வர் என்றால் துருப்பிடிக்காது.
பேரிலேயே இருக்கிறதே.

சேவுகன் ஒரு தகட்டை எடுத்து
வெயிலில் திருப்பினான்.
மேல்பாதி, முகம் பார்க்கலாம்.
பலகைக்குள் புதைந்திருந்த கீழ் நாலு விரற்கடையில்
டீக்கறை, சொறி,
போல்ட் துளையைச் சுற்றிச் சொத்தைப் பல்.

சிவப்பு மருந்தடித்துப் பத்து நிமிஷம் விட்டு,
துடைத்து, வெள்ளை தெளித்தோம்.
ஒன்றுமில்லை.
பிறகு, துளையிலிருந்து துளைக்கு
ஒரு தலைமுடி மெல்லச் சிவந்து வந்தது.

காத்துப் பட்டாத்தான் இது தன் தோலைத்
தானே போத்திக்கும், என்றார் அவர்.
இருபத்தாறு வருஷம் சரக்குக் கப்பலில் இருந்தவர்.
மூச்சு முட்டுற எடத்துல உப்புத்தண்ணி நின்னா
எவராவது, சில்வராவது.

அப்போதுதான் கவனித்தேன்,
மேல்பாதியின் பளபளப்புக்குள்
வலமிருந்து இடமாய்ச் சாயும் பஃப் தடத்தை.
இடக்கைக்காரன் தடம்.
இந்தத் தெருவில்
இடக்கையால் பஃப் பிடிப்பவன் நான் ஒருத்தன்.

போன ஆடியில் ஒரு பையன் கொண்டுவந்தான்.
பழுப்பா இருக்கு, பளிச்சுனு வேணும்.
தகட்டுக்கு நாற்பது ரூபாய்.
கீழே விரல் சொரசொரத்த ஞாபகம் இருக்கிறது.
உள்ளே போகிறதுதானே என்று
விட்ட ஞாபகமும்.

சொல்லலாமா வேண்டாமா என்று நாக்கிலேயே வைத்துக்கொண்டு
புதுத் தகடு வெட்டினேன்.
த்ரீ நாட் ஃபோர் வேண்டாம், த்ரீ சிக்ஸ்டீன்தான் என்றார்.
காரைக்குடியில் இல்லை.
திருச்சியிலிருந்து பார்சல் லாரியில் வந்தது.
ஆறு மில்லி இருந்த இடத்தில் எட்டு.
அவசரப்பட்டால் இறுகிக்கொள்ளும் ஜாதி அது.
இரண்டு டிரில் பிட் செத்த பிறகு
மெதுவாகச் சுற்றக் கற்றுக்கொண்டேன்.
சுக்கான் கீலை மட்டும் காப்பாற்ற முடிந்தது.
ஆர்கான் வெளிச்சத்தில், முகமூடிக்குள்
என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது.

ஆறாம் நாள் சாயங்காலம் சொன்னேன்.
"போன தடவை பாலிஷ் போட்டது நான்தான்."
போல்ட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தவர்
பதினொன்றில் நிறுத்தினார்.
மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.
பதினாறும் முடிந்தபின்,
"தெரியும். பில்லுல ஒங்க கடைப் பேருதான் இருந்துச்சு.
வேற எங்க போறது,
ஆர்கான் ஒங்ககிட்டதானே இருக்கு."

அவர் டீ குடிக்கப் போன நேரம்
பேர் வெட்டும் உளியைக் கையில் எடுத்தேன்.
பலகைக்குள் மறையப்போகும் பக்கத்தில்
தேதியையாவது வெட்டிவைக்கலாம்.
முதல் புள்ளிக்குச் சுத்தியலை ஓங்கியவன்
அப்படியே இறக்கினேன்.
புள்ளி ஒவ்வொன்றும்
உப்பு வந்து உட்கார ஒரு குழி.

பில்லின் பின்பக்கம் பென்சிலால் எழுதினேன்:
மூணு வருஷத்தில் கழற்றிப் பார்க்கவும்.
முன்பக்கம் ஐந்நூறு குறைத்திருந்தேன்.
அவர் இரண்டு பக்கமும் பார்க்காமல்
நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்,
ஏழு மணி பஸ்ஸுக்கு ஓடினார்.

பழைய தகடு நாலையும்
எடைக்குப் போடச் சொன்னான் சேவுகன்.
மூன்றைப் போட்டேன்.