பன்னிரண்டு வராது

பீல் நகரத்துப் பழம்பொருட் சந்தையில்
பனிச்சறுக்குக் காலணிக்கும் ஃபொண்டூச் சட்டிக்கும் நடுவில்
கிடந்தது.
நூலில் கட்டிய அட்டை சொன்னது:
துருக்கிக் குத்துவாள், நாற்பது பிராங்க்.

துருக்கி இல்லை என்று பிடியே சொல்லிற்று.
தன்னைத் தானே கட்டிக்கொண்டு
குனிந்து நடுங்குகிற மரமனிதன்.
மலாய்க்காரர் அவனுக்கு வைத்த பெயர்
காய்ச்சல் கண்ட ஜாவாக்காரன்.
பிப்ரவரி மாதத்து பீலுக்கு
அவனைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

ட்சும்பிரன் முப்பத்தைந்துக்கு இறங்கினார்.
செத்தவர் வீடுகளைக் காலிசெய்து விற்கிறவர்,
எதையும் வண்டியில் திரும்ப ஏற்ற விரும்பாதவர்.
"பொலீஸ் கேட்டால் பழையது என்று சொல்லுங்கள்."
எவ்வளவு பழையது என்று நானும் கேட்கவில்லை.

ஒரு உறைக்குள் இரண்டு கத்தி கூடாது என்பார்கள்.
இங்கே ஒரு கத்தி,
அதுவும் வேறொரு கத்தியின் உறையில்.
உறை பலெம்பாங், அலகு ஜாவா.
எங்கே, எப்போது சேர்ந்தார்களோ,
இறுக்கமாகத்தான் இருந்தார்கள்.
இழுக்க எனக்கு ஒரு இரவும் கிராம்பு எண்ணெயும் பிடித்தது.

ரிஃபெல் வந்தார். ஓய்வுபெற்ற தபால் பேருந்து ஓட்டுநர்.
அவர் வீட்டில் கழிப்பறைச் சுவரிலும் ஒரு மண்டாவ் தொங்கும்.
கட்டைவிரலையும் ஆள்காட்டியையும் இருபுறம் வைத்து
மாறி மாறி வளைவுகளைக் கிள்ளிக்கொண்டு போனார்,
மலைப்பாதைத் திருப்பங்களை எண்ணுகிறவர் மாதிரி.
"பன்னிரண்டு."
மறுபடி அடியிலிருந்து.
"பன்னிரண்டு. பிராவ் யோகா,
கெரிஸில் வளைவு ஒற்றைப்படையில்தான் வரும்.
கப்பல் பயணிகளுக்கு அடித்த போலி இது.
முப்பத்தைந்து பிராங்க் போயிற்று."

போயிற்றுதான் என்று வைத்துக்கொண்டேன்.
ஆனால் அடியில் ஒரு துதிக்கை சுருண்டிருந்தது,
சுருளுக்குள் அழுக்கு ஏறாத அளவு சுத்தமான வெட்டு.
அதற்கு மேலே குறுக்குத்துண்டு
தனியாகச் செய்து பொருத்தியது;
போலியில் அது வெறும் கீறல்,
இதில் என் நகம் நுழைந்தது.
இத்தனை பாடுபட்டவனுக்கா எண்ணத் தெரியாது?

எலுமிச்சம்பழம் இரண்டு பிழிந்தேன்.
பாஷாணம் சேர்த்தால்தான் இரும்பு கறுக்கும்;
பாஷாணம் மிக்ரோவில் விற்பதில்லை.
சாறு மட்டும் போட்டதற்கே
துருவுக்குக் கீழிருந்து வெள்ளை எழும்பியது,
அங்கொன்றும் இங்கொன்றுமாய்.
சிந்திய அரிசி என்று பெயர் அந்தக் கோலத்துக்கு.
வைத்திருப்பவர் வீட்டில் சோற்றுக்குக் குறைவிராதாம்.

நான் பகலெல்லாம் உளி தீட்டுகிறவள்.
உருப்பெருக்கிக்குக் கீழே எனக்கு இரும்பு பேசும்.
அரம் போட்ட கோடு நீளவாக்கில் ஓடும்,
சாணை போட்ட கோடு குறுக்கே.
நுனியில் இருந்ததோ
எந்தத் திசையும் இல்லாத கோடுகள்,
கோழி கிளறினது போல.
மனிதன் தீட்டி இப்படி ஆகாது.

அடுத்த சனிக்கிழமை ட்சும்பிரனிடம் கேட்டேன்.
"அதுவா, நிடாவ் வீட்டுச் சாமான்.
ரோசெட் மார்த்தி. தோட்டத்தில் களை எடுப்பாள் அதை வைத்து.
சீமைக்காட்டுமுள்ளங்கிக்கு வேர் ஆழம் பாருங்கள்,
வேறெதுவும் இறங்காது என்பாள்."
நாற்பது வருடம் இறங்கியிருக்கிறது.
அவளுடைய கொள்ளுத்தாத்தாவோ யாரோ
டச்சுக்காரன் சம்பளத்துக்குச் சுமத்ரா போய்
காய்ச்சலோடும் இதோடும் திரும்பியவராம்.
அங்கே அவர் இதை யாரிடமிருந்து,
எப்படி எடுத்தார் என்பது
ட்சும்பிரனுக்குத் தெரியாது.
ரோசெட்டுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

களைந்த இலைகளை அவள் என்ன செய்தாள் என்றேன்.
"சாலட்தான். முட்டை அவித்துப் போட்டு."

ரிஃபெல் நுனியைக் கூராக்கித் தரச் சொன்னார்.
என் சக்கரத்தில் பத்து நிமிட வேலை.
கூராக்கவில்லை.
அலகின் பள்ளத்தில் ஒட்டியிருந்த மண்ணையும்
குச்சியால் தோண்டப் போய், விட்டுவிட்டேன்.

துருக்கி அட்டையைத் திருப்பி எழுதினேன்:
ஜாவா. சிந்திய அரிசி.
வளைவு பன்னிரண்டு.
பதின்மூன்றாவது நிடாவில், கீரைப் பாத்தியில்.

ரிஃபெல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் படித்தார்.
எழுபது பிராங்க் தருகிறேன் என்றார்.